பச்சாயி பேரில் ஒரு பூட்டு

மூன்று மாதமாக அந்த வீட்டின் பீரோ சாவி அரங்கநாதனின் அரைஞாண் கயிற்றில்தான் தொங்கியது. குளிக்கப் போனாலும் அதோடுதான் போவார். கிணற்றடியில் அவர் தண்ணீர் மொண்டு ஊற்றும்போது சாவி வாளியில் பட்டு 'டங்' என்று கேட்கும். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அடுப்படியில் நிற்கும் மலர்க்கொடி கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுவாள்.

முன்பெல்லாம் அந்தச் சாவி சாமி படத்துக்குப் பின்னால் ஆணியில் கிடந்தது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், யாரும் எடுத்ததில்லை. இப்போது அது இடுப்புக்குப் போனது யாருக்காக என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மலர்க்கொடியின் மகள் கலையரசிக்காக.

அன்று வெள்ளிக்கிழமை. ஆவணி பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. கலையரசி காப்பி டம்ளரைக் கொண்டுபோய்ப் பெரியம்மா பரிமளாவிடம் நீட்டினாள். பரிமளா டம்ளரைப் பார்த்தாள். பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அங்க வெச்சுட்டுப் போ... ஒங் கையால வாங்கிக் குடிச்சா எனக்கு எறங்காது!"

கலையரசி வைத்துவிட்டுப் போனாள். மலர்க்கொடி இட்லித் துணியைப் பிழிந்துகொண்டே நின்றாள். என்ன சொல்வது? சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருப்பதென்று முடிவெடுத்தவளே அவள்தானே.

அரங்கநாதன் தலையைத் துவட்டியபடி வந்தார். மலர்க்கொடிக்கு மூத்தார், கணவனின் அண்ணன்; பத்து வருடமாக அந்த வீட்டில் அவர் சொல்தான் சொல். கையில் ஒரு கவர் இருந்தது.

"மலரு, இங்க வா. பேக்டரியிலேருந்து வந்துருச்சு. வாரிசு வேலை. திங்கக்கெழம காலையில இந்த ஓலைய எடுத்துக்கிட்டு வந்து சேரச் சொல்லிட்டான். டைம் ஆபீசுல, ஆளுங்க வந்து போற நேரம் குறிக்கிற எடத்துல. நெழல்ல ஒக்காந்து பாக்குற வேலை!"

மலர்க்கொடியின் கணவன் கருப்பண்ணன் தொண்ணூற்றாறில் அரியலூர் பக்கத்து சிமென்ட் ஆலையின் சுண்ணாம்புக்கல் குழியில் லாரி கவிழ்ந்து செத்துப்போனான். குடும்பத்தில் ஒருவருக்கு வேலை என்று ஆலை எழுதிக் கொடுத்தது. அந்த ஒருவர் மலர்க்கொடியாகவே இருந்திருக்கலாம். அவள் பத்தாவது தேறியவள். "நம்ம வூட்டுப் பொம்பள பேக்டரிக்கா? வூட்டுல படுக்கையில கெடக்குற எங்கம்மாவ யாரு பாக்குறது? பொண்ணு வளரட்டும், அவளுக்கு வெச்சுக்கலாம்" என்று அரங்கநாதன் பதில் எழுதிவிட்டார். மாமியார் ஆறு வருடம் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தார். அந்த ஆறு வருடமும் பீ மூத்திரம் அள்ளியது மலர்க்கொடியின் கை. அதன் பிறகும் வேலை நடக்கவில்லை; வருடா வருடம் ஆலை வாசலில் நின்று மனுக் கொடுத்தவளும் அவள்தான்.

"பெரியப்பா..." கலையரசி உள்ளேயிருந்து வந்தாள். "எனக்குச் சென்னையில வேலை கெடச்சிருக்குன்னு போன வாரமே சொன்னேனுங்க. அதுவும் திங்கக்கெழமதான் சேரணும்."

"என்னா வேலை? மறுபடி சொல்லு, கேப்போம்."

"சைபர் செக்யூரிட்டிங்க. கம்பெனிக்காரங்க, பேங்க்காரங்க கம்ப்யூட்டருக்குள்ள வெளியாளு பூந்துறாம பாத்துக்கணும். எங்க ஓட்டை இருக்குன்னு நாமளே தேடி அடைக்கணும்."

அரங்கநாதன் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குத் திட்டே மேல்.

"கேட்டியா பரிமளா? திருடனுக்கே காவக்காரன் உத்தியோகமாம்! எம் மெயில ஒடைச்சு, எம் பொண்ணு வாழ்க்கைய ஒடைச்சவளுக்கு, ஒடைக்கிறதையே சம்பளம் குடுத்துச் சொல்லித் தர்றானாம் பட்டணத்துல! இந்தா பாரு மலரு... திங்கக்கெழம இவ பேக்டரிக்குப் போவணும். இல்லே, பட்டணந்தான்னா, தாயும் மவளும் இந்த வூட்டுப் படியெறங்கிருங்க. ஞாயித்துக்கெழம சொல்லு."

*

நடந்தது இதுதான். அரங்கநாதனின் மகள் பிரவீணாவுக்கு உடையார்பாளையத்தில் ஒரு சம்பந்தம் கூடி வந்தது. மாப்பிள்ளை சிங்கப்பூரில். பேச்சு வார்த்தை பாதிக்கு மேல் மெயிலில். வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, அரங்கநாதனின் மெயிலிலிருந்து மாப்பிள்ளைக்கு நாலு வரி போனது: 'எங்களுக்கு இந்தச் சம்பந்தத்தில் விருப்பமில்லை. மேற்கொண்டு பேச வேண்டாம்.' மறுநாளே மாப்பிள்ளையின் அப்பா செல்லமுத்து அதை அச்செடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றபடியே வீசிவிட்டுப் போனார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அரங்கநாதன் அனுப்பவில்லை. அப்படியானால் யார்? வீட்டில் கம்ப்யூட்டர் படித்தவள் ஒருத்திதான். அவள்தான் சாயங்காலங்களில் அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ராசாங்கத்தின் பிரவுசிங் சென்டரில் வேலையும் பார்த்தாள். "அக்காளுக்குச் சிங்கப்பூரு மாப்ளயான்னு பொறாமை!" என்று பரிமளா மாரில் அடித்துக்கொண்டாள். அந்த வெள்ளிக்கிழமை கலையரசி பெரம்பலூர்க் கல்லூரியில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். அதை யாரும் கேட்கவில்லை.

கலையரசி நாலே நாளில் கண்டுபிடித்துவிட்டாள். பெரிய வித்தை எதுவும் இல்லை. சென்டருக்கு வருகிறவர்கள் பேரும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போட ராசாங்கம் ஒரு நோட்டு வைத்திருந்தான். மெயில் போனது மூன்று இருபத்தைந்துக்கு. நோட்டில் மூன்று பத்திலிருந்து மூன்று நாற்பது வரை, நாலாம் நம்பர் கேபின்: பிரவீணா.

அன்று கலையரசி ஓடிவந்து சொன்னபோது மலர்க்கொடி மகளின் வாயைப் பொத்தினாள்.

"சொல்லாதடி... ஒங்க பெரியப்பா வெட்டிப் போட்டுருவாரு அவள! கல்யாணம் வேணாம்னு ஒரு பொண்ணு தானே எழுதுனான்னு ஊருக்குத் தெரிஞ்சா, அப்பறம் யாரு வந்து பொண்ணு கேப்பா? எங் கையில வளந்த புள்ள..."

"அப்ப நானு யாரு கையில வளந்தேன்மா?"

மலர்க்கொடி திரும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

*

சனிக்கிழமை தாயும் மகளும் அரியலூருக்குப் பஸ் ஏறினார்கள். இந்த வேலை நல்லதா கெட்டதா என்று வெளியாள் ஒருவரிடம் கேட்காமல் முடிவு செய்ய மலர்க்கொடிக்கு மனம் வரவில்லை. முன்னாலும் பின்னாலும் சிமென்ட் லாரிகள். ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களின் தலையெல்லாம் வெள்ளைப் பொடி.

"ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லு. அதுல என்னா கஷ்டம்?"

கலையரசி யோசித்தாள். "ஆறு மாசம் பயிற்சிம்மா. அப்பறமும் தேறுனாத்தான் வேலை. மொறை வெச்சு ராத்திரியும் பாக்கணும். தெனமும் புதுசு புதுசா படிச்சுக்கிட்டே இருக்கணும். அதவிட ஒண்ணு இருக்கு... நாம நல்லா வேலை பாத்தா ஒண்ணுமே நடக்காது. ஒண்ணும் நடக்கலேன்னா, இவங்க என்னத்தக் கிழிக்கிறாங்கன்னு கேப்பாங்க. ஒரு நாளு ஏதாச்சும் நடந்துட்டா, திட்டு பூரா நமக்கு."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"அப்ப அது எம் பொழப்புதானேடி..." என்றாள் மலர்க்கொடி. "இருவத்தி மூணு வருசமா நான் பாக்குறது அதுதானே! சோறு கொழையலேன்னா ஒருத்தருக்கும் நெனப்பில்ல. கொழைஞ்சா ஊருக்கே தெரியுது. இதுக்கா ஒன்னைய படிக்க வெச்சேன்?"

கலையரசி அம்மாவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அதுக்குச் சம்பளம் உண்டும்மா. வாரத்துல ரெண்டு நாளு லீவும் உண்டு."

மலர்க்கொடிக்குச் சிரிப்பு வந்தது. பிறகு ஏனோ கண் கலங்கியது. லீவு என்ற சொல்லைத் தன்னோடு சேர்த்து அவள் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

சென்டரில் ராசாங்கம் நாற்காலியை இழுத்துப் போட்டான். நாற்பது வயது, முன்பு அதே கடையில் எஸ்டிடி பூத் வைத்திருந்தவன்.

"யக்கா, பொய் சொல்ல மாட்டேன். இது நெலைச்சு நிக்கிற வேலையான்னு எனக்குத் தெரியாது. அஞ்சு வருசத்துக்கு முன்னாடி, சாப்ட்வேரு சாப்ட்வேருன்னு போனவனுங்க பொட்டியோட திரும்பி வந்ததையும் பாத்தேன். எம் பூத்தே போயிருச்சே! இந்தச் சென்டரும் எத்தன நாளுக்கோ... ஆனா ஒண்ணு சொல்லவா?" குரலைத் தாழ்த்தினான். "மெயிலு தொறக்க வர்றவங்களுக்கு நாந்தான் பாஸ்வேர்டு போட்டுக் குடுக்குறேன். மறக்காத பேரா சொல்லுங்கம்பேன். முக்காவாசிப் பேரு கொலசாமி பேரைத்தான் சொல்லுவாங்க. ஒங்க வகையறா மொத்தத்துக்கும் பச்சாயிதான்! ஒங்க மூத்தாரு, ஒங்க பங்காளி குழந்தைவேல் அண்ணன், துபாயில இருக்கானே அவரு பையன், எல்லாருக்கும் ஒரே பேரு. வெளையாட்டுக்கா சொல்றேன்... ஒங்க பங்காளிங்கள்ல யாரு யாரு மெயில வேணும்னாலும் தொறக்கலாம். ஊரு பூரா இப்பிடித்தான். போன மாசம் மட்டும் நாலு பொம்பளைங்க இங்க வந்து அழுதுட்டுப் போனாங்க, எவனோ என் மெயிலப் படிச்சுட்டான்னு. அன்னிக்கு அவங்கள ஒக்கார வெச்சு மாத்திக் குடுத்தது ஒங்க பொண்ணு. ஒத்தப் பைசா வாங்கல. ஒருத்தரு மெயிலையும் படிக்கல. வேலை எப்பிடியோ, இந்த வேலைக்கு வேண்டிய ஆளு இவதான்."

மலர்க்கொடி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எழுந்தபோது ராசாங்கம் நோட்டைத் தொட்டுக் காட்டினான்.

"யக்கா... இதை ஒங்க மூத்தாருகிட்டக் காட்டட்டுமா? ஒரே நிமிசம்."

"வேணாம் ராசாங்கம். அதுவும் ஒரு பொண்ணு."

*

ஞாயிற்றுக்கிழமை காலையில் அரங்கநாதன் யாரையும் பதில் கேட்கவில்லை. கூடத்தில் பச்சாயி படத்துக்கு முன்னால் தாம்பாளத்தை வைத்து, அதில் ஒரு கட்டிச் சூடத்தை ஏற்றினார். பரிமளா தூணருகே நின்றாள். பிரவீணா அம்மாவின் முதுகுக்குப் பின்னால்.

"நீ போ, போவாம இரு, அது அப்பறம். மொதல்ல இதை முடி. நான் அனுப்பலேன்னு சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணு. பண்ணிட்டா, இந்த வூட்டுல இருக்கிற ஒவ்வொருத்தரையும் அணைக்க வெக்கிறேன். யாரு கை நடுங்குதுன்னு பாத்துருவோம்!"

கலையரசி முன்னால் வந்தாள். "பண்றேன் பெரியப்பா. அதுக்கு முன்னாடி ஒண்ணு. ஒங்க மெயிலுக்கு நீங்க எதுல பூட்டு போட்டிருந்தீங்கன்னு தெரியுமா? இந்தா, இந்தப் படத்துல இருக்காளே, இவ பேருலதான். பச்சாயின்னு! எனக்கும் மொதல்ல அதே பேருதான். அக்காவுக்கு அதே பேரு. குழந்தைவேல் சித்தப்பாவுக்கும் அதேதான். நம்ம வகையறாவுல நாப்பது வூட்டுக்கும் ஒத்தச் சாவி. அதை ஆணியில மாட்டிட்டு, பீரோ சாவிய இடுப்புல கட்டிக்கிட்டுத் திரியுறீங்க! நான் எதையும் ஒடைக்கல பெரியப்பா. அங்க ஒடைக்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல."

அரங்கநாதன் படத்தைப் பார்த்தார். இந்த வார்த்தை தனக்கு மட்டுமே தெரிந்தது என்று இத்தனை நாள் நம்பியிருந்தவர் முகம் அது.

கலையரசி சூடத்தின் மேல் கையை நீட்டினாள். அந்த நொடியில் மலர்க்கொடி பிரவீணாவைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் உதடு வெளுத்துக் கிடந்தது. அடுத்தது அவள் முறை. பொய்ச் சத்தியம் பண்ணினாலும் செத்தாள், பண்ணாவிட்டாலும் செத்தாள்... மலர்க்கொடி பாய்ந்து மகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

"வேணாம்... சத்தியம் வேணாம்!"

"பாத்தீங்களா!" பரிமளா அலறினாள். "பெத்தவளே தடுக்குறா! மவ பண்ணுன பாவம் தெரிஞ்சுதானே தடுக்குறா! அடிப்பாவி, ஒங் கையாலயா நான் இத்தன வருசம் சோறு தின்னேன்!"

மலர்க்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். கலையரசி அம்மாவையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. களைப்பு மட்டும் இருந்தது. இருபத்தொரு வயசுக்கு இருக்கக்கூடாத களைப்பு. அதைப் பார்த்தபோதுதான் மலர்க்கொடிக்குத் தான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. ஐயோ... என் மகளையும் என்னைப் போலவே ஆக்கிவிட்டேனா!

அப்போது ஒரு கை அவர்கள் இருவரையும் தாண்டி வந்து சூடத்தின் மேல் விழுந்தது. தீ அணைந்தது. பிரவீணா உள்ளங்கையை எடுக்காமல் நின்றாள்.

"நான்தான்பா! நான்தான் அனுப்புனேன்... டீச்சர் டிரெய்னிங்க நடுவுல நிறுத்தணும்னு மாப்ள வூட்டுல சொன்னாங்க. இன்னும் ஒரு வருசந்தான் இருக்கு, படிச்சு முடிக்கிறேன்னு ஒங்க கால்ல வுழுந்தேன். நீங்க கேக்கல. கலைக்கு மொதல்லயே தெரியும். சித்திக்கும் தெரியும். மூணு மாசமா எனக்காக வாங்கிக் கட்டிக்கிறாங்க. என்னால முடியலப்பா... இதுக்கு மேல முடியல!"

பரிமளா தூணைப் பிடித்தபடி அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். அரங்கநாதனின் கை ஓங்கியது. பாதியில் நின்றது. மலர்க்கொடி அதற்குள் பிரவீணாவைத் தன் பின்னால் இழுத்திருந்தாள்.

"அடிக்காதீங்க மாமா." இருபத்து மூன்று வருடத்தில் அவள் அவரை நேராகப் பார்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. "அவ ஒங்ககிட்டச் சொன்னா. நீங்க கேக்கல. அப்பறந்தான் ஒளிஞ்சு எழுதுனா. மொதல்ல அந்தக் கைக்கு ஏதாச்சும் போடணும், கொப்புளிச்சிரும்."

ஓங்கிய கை இறங்கி முகத்தைப் பொத்திக்கொண்டது. அரங்கநாதன் விம்மினார். "கலை... மூணு மாசமா ஒன்னையத் திருடின்னேனே தாயி... ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா..."

"நீங்க ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் பெரியப்பா" என்றாள் கலையரசி. அதற்குமேல் அவளாலும் முடியவில்லை. அழுதுகொண்டே போய் அக்காவைக் கட்டிக்கொண்டாள். பரிமளா தவழ்ந்தே வந்து மலர்க்கொடியின் காலைப் பிடித்தாள்.

"எந்திரிங்கக்கா. இட்லி ஆறிப் போவுது."

"நீ என்னைய ரெண்டு அறை அறைஞ்சிருக்கலாம் மலரு..."

"அதுக்கெல்லாம் தெம்பு இல்லக்கா."

*

எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு அரங்கநாதன் ஆலைக் கவரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குரல் இறங்கியிருந்தது.

"கலை பட்டணத்துக்கே போவட்டும். நான் தடுக்கல. ஆனா பத்து வருசம் காத்துக் கெடந்த வேலை... நாளைக்குச் சேரலேன்னா போயிரும். கருப்பண்ணன் உசுருக்குக் கெடச்சது மலரு."

"போவாது மாமா. நான் போறேன்."

"நீயா?"

"அந்தத் தாள நல்லாப் படிச்சுப் பாருங்க. மனைவி அல்லது மகள்னு போட்டிருக்கு. நாப்பத்தஞ்சு வயசுக்குள்ள. எனக்கு நாப்பத்தி மூணுதான் ஆவுது."

பரிமளா பதறினாள். "அப்ப வூடு? காலையில பால், அடுப்பு, தண்ணி..."

"நீங்க இருக்கீங்க, பிரவீணா இருக்கா, மாமா இருக்காரு. அஞ்சு பேரு தின்ன வூட்டுல நாலு பேருதான் இனிமே. வேலையும் கொறச்சல்தான்."

அரங்கநாதன் கவரை மலர்க்கொடியிடம் நீட்டினார். மதிய ரயிலுக்குக் கலையரசியை ஏற்றிவிட அரியலூர் ஸ்டேஷனுக்கு எல்லோரும் போனார்கள். பெட்டியைத் தூக்கியது அரங்கநாதன். பெட்டிக்குப் பூட்டு இல்லையே என்றவர், மரப் பீரோவின் கொண்டியில் தொங்கிய பூட்டைக் கழற்றிக் கொண்டு வந்து போட்டிருந்தார். சாவியை அரைஞாணிலிருந்து அவிழ்த்துக் கலையரசியின் உள்ளங்கையில் வைத்தார். வண்டி நகர்ந்தபோது மலர்க்கொடி அழவில்லை. அழுதால் உடம்பு விட்டுப்போகும். மறுநாள் வேலைக்குப் போக வேண்டும்.

திங்கள் காலை எட்டு மணிக்கு ஆலையின் டைம் ஆபீசில் ஒரு கம்ப்யூட்டருக்கு முன்னால் அவளை உட்காரவைத்தார்கள். தொழிலாளி வரும்போது அவர் நம்பரைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான். பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னார்: "மொதல்ல ஒரு பாஸ்வேர்டு போட்டுக்கங்கம்மா. மறக்காத பேரா... கொலசாமி பேரு போட்டுக்கங்களேன்!"

மலர்க்கொடி ஒரு நிமிடம் என்றாள். வெளியே போய்ப் பூத்திலிருந்து சென்னை ஹாஸ்டலுக்குப் போன் போட்டாள். கலையரசியும் அப்போதுதான் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"கொலசாமி வேணாம்மா. அப்பா பேரு வேணாம், எம் பேரும் வேணாம். ஒனக்கு மட்டும் தெரிஞ்ச ஏதாச்சும் போடு. யாருகிட்டயும் சொல்லாத."

"ஒங்கிட்டயுமா?"

"எங்கிட்டயுந்தாம்மா."

மலர்க்கொடி திரும்பி வந்து உட்கார்ந்தாள். இத்தனை வருடம் அடுத்தவர்களுக்காக எத்தனையோ மறைத்திருக்கிறாள். தனக்கென்று மறைத்து வைக்க ஒன்றும் இருந்ததில்லை. யோசித்தாள். வெளியே முதல் ஷிப்டு ஆட்கள் வரிசையில் நின்றார்கள்.

"ஆச்சாம்மா?" என்று எட்டிப் பார்த்தார் பக்கத்து நாற்காலிக்காரர்.

"கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கங்க சார்" என்றாள் மலர்க்கொடி. ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள். திரையில் ஒரு எழுத்தும் தெரியவில்லை. வெறும் கறுப்புப் புள்ளிகள்தான், வரிசையாக.